கர்னலம்மா பேசாமல் இருந்த நாள்

தம்பி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். புதுக்கோட்டை ஸ்டேஷனில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எதிரில் ஆள் நின்றால் எனக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், அது உனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. இதை நீ படித்துவிட்டு உன் நண்பர்களிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த எந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா எழுதக்கூடியதுதான் இது.

அன்றைக்கு ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று சொன்னாய். "பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா. ஆனா வாயே தொறக்கலையே. எங்க ஆர்மி லைஃப் வேறம்மா. மெஸ்ல பார்ட்டி இருக்கும், லேடீஸ் மீட் இருக்கும், சீனியர் வீட்டம்மா வந்தா எந்திரிச்சுப் பேசணும். நம்ம கர்னலம்மா மாதிரி நாலு பேரோட பழகத் தெரிஞ்சவளா இருந்தாத்தான் சரிப்படும்." அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் உன் சட்டைக் காலர் பின்பக்கம் மடங்கியிருந்ததைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

குன்றாண்டார்கோவிலில் நாம் பார்த்த பெண் இந்துமதி வீட்டில் பொங்கலுக்கு நீ லீவில் வரும்வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு உன்னுடையது, அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணைப் பேசத் தெரியாதவள் என்று ஒரு வீட்டில் வேண்டாமென்று சொன்னால், அந்தச் சொல் அவளுக்கு முன்னாலேயே அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அவள் வாய் ஓயாமல் பேசினாலும் அந்தப் பேர் போகாது. எனக்கு இருந்த பேர் அது, அதனால் தெரியும். அதைவிட, நீ கர்னலம்மாவை அளவுகோலாக வைத்துச் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. அவரை உனக்குத் தெரிந்தது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கத்தைச் சொல்லிவிட்டால், பிறகு நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்கு நிம்மதி.

உனக்குத் தெரிந்த கர்னலம்மா யாரென்று நானே சொல்லிவிடுகிறேன். அறந்தாங்கியில் நம் அடுத்த வீடு. வாசலில் பித்தளைப் பலகையில் கர்னல் ஐயாவின் பெயர், கூடத்தில் பிரம்பு நாற்காலிகள், வருகிறவர்களுக்கெல்லாம் தட்டில் வைத்து டீ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே தம்போலா விளையாடுவோம். அவர் நம்பர் சீட்டை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் கூவுவார். நீ அவர் மடியில் உட்கார்ந்து சீட்டுகளைக் கலைத்துப்போடுவாய். ஐயாவின் பழைய தொப்பியை வைத்துக்கொண்டு தெருவில் சல்யூட் அடித்துத் திரிந்ததும் அந்த வீட்டிலிருந்துதான். ஆவுடையார்கோவில் பக்கத்து கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் ஒரு இளம் ஆபீசருக்குக் கழுத்தை நீட்டி, ஜான்சி, அம்பாலா, தேஜ்பூர், வெலிங்டன் என்று ஊர் ஊராக டிரங்குப் பெட்டிகளோடு போய்வந்தவர். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே ஒரு சிநேகிதி இருப்பாள். புத்தாண்டு வந்தால் அவருக்கு வருகிற வாழ்த்து அட்டைகளுக்காகவே தபால்காரர் தனிக் கட்டு கட்டிக்கொண்டு வருவார்.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்த நாளை நீ அறியமாட்டாய். அப்போது நீ பிறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய போட்டோவில்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்கிறேன். கல்யாணமான புதிது. அப்பாவுக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் மிஷின் ரூமில் வேலை, தினம் பஸ்ஸில் போய்வருவார். சாமானெல்லாம் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உன் சரோஜா அத்தைதான் மூத்தவராக நின்று பால் காய்ச்சிக் கொடுப்பதற்காக ஊரிலிருந்து வந்திருந்தார். அடுப்பை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று அப்பாவோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பட்டுக்கரைப் புடவையும் குட்டைக் கைப்பையுமாக ஒரு அம்மா, நாலடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு சிரித்தமுகமாக உள்ளே வந்தார். வெல்கம் என்றார். பெட்டியெல்லாம் பிரிக்காம எப்படிச் சமைப்பீங்க, மொதல்ல சாப்பிடுங்க என்றார்.

அத்தையின் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். கேரியரைக் கையால்கூடத் தொடவில்லை. "ஏங்க, இந்த வீட்டுல என்ன எழவா விழுந்துருக்கு? இன்னும் பால்கூடப் பொங்கல, அதுக்குள்ள ஆக்கின சோத்தைத் தூக்கிட்டு வாரீங்க. அங்கிட்டு எடுத்துட்டுப் போங்க மொதல்ல" என்றார். அந்தம்மா சிரிப்பு மாறாமலே நின்றார். மாற்றத் தெரியாமல் நின்றார் என்பதுதான் சரி. எதற்காகத் திட்டு விழுகிறது என்று அவருக்குப் புரியவில்லை என்பது கதவு மறைவில் நின்ற எனக்குப் புரிந்தது. கேரியரோடு திரும்பிப் போகும்போது வாசல்படியில் ஒரு தடவை நின்று, எங்கள் செருப்புகளை வரிசையாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று நினைத்திருப்பார். அதற்கு மேல் எனக்கு மனசு கேட்கவில்லை.

பால் பொங்கி, அத்தை திருப்தியாகி, மத்தியான பஸ்ஸுக்குப் போன பிறகு நான் கொல்லைப் பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒரு புது வீட்டுக்குள் நானாகப் போனது அதுதான் முதல் தடவை. என்ன சொல்வது என்று கிணற்றடியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன். சமையலறையில் அவர் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேரியர் திறக்காமலே மேடையில் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நம் பக்கம் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்குத்தான் அக்கம்பக்கத்தார் ஆக்கிய சோறு எடுத்துவருவார்கள், அதனால்தான் அண்ணி அப்படிப் பேசிவிட்டார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று.

அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "நானும் இந்த மண்ணுல பொறந்தவதானே. எப்படி மறந்தேன்? பட்டாளத்துல அதுதாம்மா வழக்கம். புதுக் குடும்பம் வந்து எறங்குற அன்னைக்குப் பக்கத்து வீட்டுலேருந்து சாப்பாடு போகலன்னா அதுதான் மரியாதைக் கொறைச்சல். எத்தனை ஊர்ல எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கேன். சொந்த ஊருக்கு வந்து மொத வீட்டுலயே இப்படியாச்சே" என்றார். அப்புறம் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "ஒங்க அண்ணி நல்லாத்தான் குடுத்தாங்க. எங்க பிரிகேடியரே எங்கிட்ட இப்படிப் பேசுனதில்ல." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பால் காய்ச்சியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். அப்படியென்றால் இனி சாப்பிடலாமே என்று கேரியரைத் திறந்தார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ராஜ்மாவை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் கர்னலம்மா வாசலில் நின்று, "பால் காய்ச்சியாச்சுங்களா?" என்று கேட்டு, ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் கேரியரை எடுத்துவருவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதையே அவர் மாதிரிப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பாய். அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. வாயே திறக்காத ஒரு புதுப்பெண், அவ்வளவு ஊர் பார்த்தவருக்குக் கிணற்றடியில் ஒத்திகை பார்த்துப் போய்ச் சொன்னது அது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கலகலப்பான ஆளுக்கு எல்லாம் கண்ணில் பட்டுவிடும் என்று நினைக்காதே என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்போலாவுக்கு முதல் நாள் என்னை அழைத்தபோது தலைவலி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வயிற்றுவலி. அதற்கடுத்த வாரம் அவர் அழைக்கவே இல்லை. சீட்டு எண்ணி வைக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மூலையில் உட்கார்ந்து சீட்டு எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. அங்கேயிருந்துதான் எல்லாரையும் பார்த்தேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு பஸ்ஸில் வருகிற பாக்கியத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கன்னத்தை மீன் கையால் கிள்ளுவாள், நீ அழுவாய். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்ததும் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளும் பிரம்பு நாற்காலியில் வந்து உட்காருவாள். டாக்டர் வீட்டு அம்மா ஒரு தடவை முந்தானையால் மூக்கைப் பொத்தியபோது பாக்கியம் சும்மா இருக்கவில்லை. "மீனைத் திங்கும்போது மணக்குது, மீன்காரி ஒக்காந்தா நாறுதாக்கும். கர்னலம்மா, இன்னைக்கு எனக்கு நம்பர் விழுகலன்னா நாளைக்கு இந்தம்மாவுக்கு மட்டும் வெலை கூடும், பாத்துக்கங்க" என்றாள். கூடமே சிரித்தது. டாக்டர் வீட்டு அம்மாவும் சிரித்தார். அன்றைக்குக் கர்னலம்மா டீயை யாருக்கு முதலில் கொடுத்தார் என்று நான் கவனித்தேன். பாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

ஐயா காலமான பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. துக்கம் முடிந்த அடுத்த வாரமே தம்போலாப் பெட்டியை எடுத்துவிட்டார் என்று தெருவில் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு எனக்கும் கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. இந்த வயதில் இத்தனை கூட்டமும் சிரிப்பும் எதற்கு, தனியாக இருக்கப் பயமா என்றுகூட நினைத்தேன். அதற்கு விடை கிடைத்த நாளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு காலையில் அப்பா ஐஸ் பிளாண்டிலிருந்து போன் செய்தார். கடலுக்குப் போன சில படகுகளை அக்கரை நேவிக்காரர்கள் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், பாக்கியத்தின் புருஷன் போன படகும் அதில் சேர்த்தி, ஆனால் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டதாக ஒரு பேச்சு ஓடுகிறது என்றார். நான் ஓடிப்போய்க் கர்னலம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே எழுந்து போய்த் துணிப்பை ஒன்றை எடுத்தார். அரிசி, பருப்பு, ஒரு பாட்டிலில் எண்ணெய், உப்பு, புளி. நான் நிற்பதைப் பார்த்து, "ஆக்கி எடுத்துட்டுப் போனா அங்க வேற அர்த்தம் ஆயிரும்ல. நீதானே சொன்ன" என்றார். அத்தனை வருடத்துக்கு முன்னால் நான் சொன்னது. இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

பாக்கியத்தின் வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அழுகிறவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், தலைவர்கள் மாதிரி நாலுபேர் வாசலில் நின்று சத்தமாக ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை வாய் பேசுகிறவள், கண்ணைக்கூட அசைக்கவில்லை. ஆக்கிய சோற்றுப் பானை ஒன்றை யாரோ எடுத்துவந்து வாசலில் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அவள் பார்வை அந்தப் பானையை விட்டு நகரவில்லை.

எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசுகிற கர்னலம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, தம்பி. யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக உள்ளே போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். அந்த வயதில் தரையில் உட்கார அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விறகை வைத்துப் பற்றவைத்து உலை போட்டார். நான் அரிசி களைந்து கொடுத்தேன். புகை கூடத்துக்குப் பரவியது. ஒரு கிழவி அழுவதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "அடுப்பு எரியுதுடி" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். வெளியே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பாக்கியம் தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தாள். அப்புறம்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே எழுந்துவந்து, கர்னலம்மா கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக்கொண்டு தானே ஊத ஆரம்பித்தாள். வாசலில் இருந்த பானையை எடுத்துவந்தவர்களே ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் புருஷன் சில வாரங்கள் கழித்து மெலிந்து கறுத்துத் திரும்பிவந்தான். வராமலும் போயிருக்கலாம். அதற்கும் அந்த அடுப்புக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு பகலை அவள் தாண்டினாள்.

சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில், மீமிசல் தாண்டியதும் அவராகப் பேச ஆரம்பித்தார். கல்யாணமாகிப் போன முதல் ஊரில் அவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. முதல் பார்ட்டியில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாராம். நீங்களா என்று கேட்டேன். ஆமாம், ஐயா தேடி வந்து கூட்டிப்போகும்வரை அங்கேதான் நின்றேன் என்றார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் மலைப்பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் வேறு மொழி தெரியாது. இரண்டு பேரும் மத்தியானமானால் வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்து கம்பளி நூல் பின்னுவார்களாம். ஒருத்தி பேசினால் இன்னொருத்திக்குப் புரியாது என்பதால் பேசுவதில்லை. அந்த வருடமே எல்லையில் சண்டை வந்து ஆண்களெல்லாம் போய்விட்டார்கள். ஒரு நாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் செய்தி வந்தது. பெரிய ஆபீசர்களின் மனைவிகள் எல்லாரும் சேர்ந்து போனார்கள். அவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு யாருக்கும் திறக்கவில்லை. அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியே நின்று பேசிப்பார்த்துவிட்டார்கள். கடைசியில் இவர் போய் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா நின்றாராம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

அதைச் சொல்லிவிட்டுக் கர்னலம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு, "பார்ட்டி, தம்போலா, டீ எல்லாம் எதுக்குன்னு நெனைக்கிற? எனக்கு மட்டும் நாலுபேர் நடுவுல போயி இளிக்கிறதுல ஆசையா? ஒரு நாள் அந்த வீட்டுக்குள்ள நம்ம போக வேண்டி வரும்மா. அன்னைக்குப் போயி, நான் இன்னார்னு சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நல்ல நாள்லயே போயி வந்து வச்சுக்கிறது. இன்னைக்கும் எனக்குக் கூட்டத்துக்குள்ள நுழையும்போது கை வேர்க்கத்தான் செய்யுது. இந்தா பாரு" என்று கைக்குட்டையைக் காட்டினார். கசங்கிச் சுருண்டிருந்தது. அந்தக் கைக்குட்டை எப்போதும் அவர் இடது கையில் இருக்கும். அது ஏதோ மெம்சாகிப் வழக்கம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவருடைய கடைசி வருடத்தில் நீ எல்லைப் பக்கம் இருந்தாய், வர முடியவில்லை. பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது என்று போனில் சொன்னேன், அதற்கு மேல் சொல்லவில்லை. முதலில் நிறையப் பேர் வந்தார்கள். பதில் பேசாத ஆளிடம் என்ன செய்வதென்று தெரியாமல் சத்தமாக நலம் விசாரித்துவிட்டு, சுவரில் இருக்கிற போட்டோக்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவருக்கு எதிரில் அவர்கள் அதுவரை பேசித்தான் பழக்கம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நூலகத்தில் என் வேலை முடிந்து வரும்போது அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கீரை ஆய்வேன், பூத் தொடுப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பாக்கியம் வந்தால் அவளும் கூடையை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். வாசல் கேட் சத்தம் கேட்டால் மட்டும் அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வரும். வருவது யாராக இருந்தாலும். அவர் காலமான அன்றைக்கு அந்த வீட்டுக்கு எத்தனை வீட்டிலிருந்து ஆக்கிய சோறு வந்தது தெரியுமா? வைக்க இடமில்லாமல் நம் வீட்டிலும் வாங்கி வைத்தோம். சரோஜா அத்தை ஊரிலிருந்து ஒரு அண்டா நிறையப் புளிச்சோறு ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கிவைக்கும்போது என்னிடம், "அன்னைக்குத் திருப்பிவிட்டதுக்கு இன்னைக்குக் கொண்டாந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது இந்துமதியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பேசவில்லை என்றாய். பேசினாள், ஒரே ஒரு வாக்கியம். உனக்குக் கேட்கவில்லை, நீ அவள் அப்பாவோடு உன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். எல்லாருக்கும் காபி வந்தது. அவள் மாமா ஒருவர் நம் அப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். சீனி போதுமா என்று கேட்டார். அப்பா சிரித்துத் தலையாட்டினார். திரும்பவும் கேட்டார். அப்பா திரும்பவும் சிரித்தார். கூடத்தில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தனை வருடம் ஐஸ் பிளாண்ட் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற வலது காது அது, அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. நான் எழுந்து சொல்லலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். தட்டோடு உள்ளே போன பெண் கதவோரத்திலிருந்து பார்த்தாள். திரும்பி வந்தாள். யாரையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் வந்து குனிந்து, "மாமா, சீனி போதுமான்னு கேக்குறாங்க" என்றாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். நாமெல்லாம் கத்துவோமே, அப்படிக் கத்தவில்லை. அப்பா, "இன்னும் அரை ஸ்பூன் போடும்மா" என்றார். அவர் அப்படி ஒரு புது வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் கூட்டத்துக்குள் போனால் கை வேர்க்கும், அது நிச்சயம். முதல் பார்ட்டியில் திரைச்சீலையைத் தேடினால் நீ போய்ப் பக்கத்தில் நின்றுகொள், அது உன் வேலை. சீனியர் வீட்டம்மாவிடம் அவள் சரளமாகப் பேசாமல் போகலாம். ஆனால் உன் குவார்ட்டர்ஸ் வரிசையில் எந்த வீட்டுக் கதவாவது ஒரு நாள் மூடிக்கொண்டால், அதைத் தட்டப் போகிறவள் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார். கர்னலம்மா மாதிரிப் பெண் வேண்டும் என்று நீ சொன்னாயே, நானும் அதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்த பிறகும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். ஒன்று மட்டும் செய். ஸ்டேஷனில் நீ சொன்னதற்கு அப்பா தலையாட்டினார், அதனால் அவருக்கும் சம்மதம் என்று எண்ணிக்கொண்டு ரயில் ஏறியிருப்பாய். நீ நின்றது அவருக்கு வலது பக்கம், தம்பி. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "தம்பி என்ன சொன்னான், பிடிச்சிருக்கா?" என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் என்றேன். அன்றிலிருந்து அவர் காத்துக்கொண்டிருக்கிறார். காபிக்கு அரை ஸ்பூன் சீனி கூடப் போடச் சொல்லி இப்போது வீட்டிலும் கேட்கிறார்.

பொங்கலுக்கு வந்ததும் உன் முடிவை அவரிடம் நீயே சொல். சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சொல்.

உன் அம்மா